வலப்பக்கத்து சீட்டு

காரைக்காலில் அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்களை எண்ணிவிடலாம். கார் பந்தயத்துக்குப் போனவர் ஒரே ஒருவர்தான், ஊர் 'முசே' என்று மரியாதையாகக் கூப்பிட்ட கஸ்தோன். போனார், அவ்வளவுதான். ஜெயித்தார் என்று யாராவது சொன்னால் முதலில் சிரிக்கிற ஆள் அவராகத்தான் இருக்கும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பாதி வயசை லாரிக்கு அடியில் படுத்தே கழித்தவர் அவர். பென்ஷனோடு ஊர் திரும்பிய கையோடு, கருக்களாச்சேரியில் ஒரு கொட்டகைக்குள் கோழி அடைந்து கிடந்த பழைய பெஜோ கார் ஒன்று அவர் கண்ணில் பட்டது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனது. கோழிகளை விரட்டிவிட்டு, வண்டியை மாடு பூட்டி வீட்டுக்கு இழுத்துவந்து, ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டி ஓடவைத்துவிட்டார். நன்றாகவே ஓடியது. ஒரே ஒரு சங்கடம், அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம்.

நம் ரோட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு, முன்னால் போகிற லாரியின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே பஸ் வருகிறதா என்று பார்க்க வண்டியின் மூக்கை நடு ரோட்டுக்கு நீட்ட வேண்டும். பஸ் வந்தால் மூக்கு போச்சு. அதனால் வலப்பக்கத்து சீட்டில் அவருடைய மனைவி ழானெத் உட்கார்ந்துகொள்வாள். பாவம், கார் கிளம்பினாலே அவளுக்குக் குமட்டும். ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வருவாள்.

"இருங்க… இருங்க… பஸ் ஒண்ணு வருது… ம், இப்பப் போலாங்க."

அவள் "போலாங்க" என்றதும் கஸ்தோனின் கால் தானாக மிதிக்கும். வேளாங்கண்ணிக்குப் போனாலும் சரி, பென்ஷன் வேலையாகப் பாண்டிச்சேரிக்குப் போனாலும் சரி, இதே கதைதான். அந்த சீட்டில் அவள் ஒருநாளும் கண்ணயர்ந்ததில்லை. தூக்கம் கண்ணைச் சொருகினால் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொள்வாள். நாளாக ஆக அந்த சீட்டுத் துணியிலேயே எலுமிச்சை வாசம் ஏறிவிட்டது.

எழுபத்தேழாம் வருஷம் கஸ்தோனுக்குப் பந்தய ஆசை பிடித்தது. மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் மாசி வாக்கில் பந்தயம் நடக்கும். அங்கே வருகிற பணக்காரப் பிள்ளைகள் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கூடவே டயர் மாற்ற ஒருவன், பெட்ரோல் ஊற்ற ஒருவன், குடை பிடிக்க ஒருவன் என்று ஒரு பட்டாளம். கஸ்தோன் அதே பெஜோவைக் காரைக்காலிலிருந்து ஓட்டிக்கொண்டு போவார். அங்கே போய் ஸ்டெப்னியைக் கழற்றி, பின் சீட்டைக் கழற்றி, வலப்பக்கத்து சீட்டையும் கழற்றி எடையைக் குறைப்பார். பிளக்கைத் துடைப்பார், காற்று பார்ப்பார், பானெட்டை மூடிவிட்டு ஓடிப்போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பெல்ட்டைக் கட்டுவார். பந்தயம் முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, அதே வண்டியில் ஊர் வந்து சேர்வார்.

"எனக்கு எவன் தயவும் வேணாம். ஒத்த ஆளு!" என்று மார் தட்டிக்கொள்வார்.

ஒத்த ஆளாம்! பிரேக்கில் காற்று எடுக்க வேண்டுமென்றால் ஒருவர் சக்கரத்துக்கடியில் படுத்துத் திருக வேண்டும், இன்னொருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு வந்து அந்தப் பெடலை மிதித்தது யார்? பெட்ரோலைத் தன் பழைய மெல்லிய புடவையில் வடிகட்டித் தகரத்தில் ஊற்றி வைத்தது யார்? ழானெத்தை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோழவரத்தில் கழற்றிப்போட்ட அந்த சீட்டை ஓரமாக இழுத்துப்போட்டு, அதிலேயே உட்கார்ந்து பந்தயம் பார்ப்பாள்.

முதல் வருஷம் கஸ்தோன் கடைசியாக வந்தார். இன்ஜின் இழுக்கவில்லை என்றார். இரண்டாம் வருஷமும் கடைசி. டயர் சரியில்லை என்றார். மூன்றாம் வருஷம் இன்ஜினும் புதுசு போல் இருந்தது, டயரும் நன்றாக இருந்தது, அப்போதும் கடைசிதான். ஒவ்வொரு தடவையும் முன்னால் போகிற வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, விருந்தாளியை வழியனுப்பப் போகிறவர் மாதிரி, கடைசிச் சுற்று வரைக்கும் போய்க்கொண்டிருந்தார்.

ஊரில் கேட்க வேண்டுமா? அவரோடு பட்டாளத்தில் இருந்த ஓகுஸ்தேன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம கஸ்தோன் பந்தயத்துக்குப் போகல. முன்னாடி ஓடுற வண்டிங்களுக்குக் காவலுக்குப் போறாரு" என்றார். கடையே சிரித்தது. கஸ்தோனும் சிரித்துவைத்தார், ஆனால் பாதி டீயோடு எழுந்துவிட்டார். ஜெயிக்க வேண்டாம், கோப்பை வேண்டாம், ஒரே ஒரு வண்டியை முந்திவிட்டால் போதும் என்று அன்றைக்கு மாதாவிடம் வேண்டிக்கொண்டார். அதற்கும் அவகாசம் அதிகமில்லை. இன்ஜின் தலைக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் பிரான்சிலிருந்து மைத்துனன் அனுப்பியது. இருந்ததிலேயே கடைசியைத்தான் இந்த முறை மாட்டியிருந்தார். இனிமேல் கிடைக்காது என்று அவன் எழுதிவிட்டான். அது இன்னும் ஒரு பந்தயம் தாங்கும், பிறகு ஊருக்குள் மெதுவாக ஓட்ட வேண்டியதுதான்.

ழானெத்துக்குத்தான் விஷயம் பிடிபட்டது. ஒருநாள் மீன் அரிந்துகொண்டே சொன்னாள்:

"வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க. பக்கத்துல நான் இல்லல்ல, அதான் நீங்க போகல. 'போலாங்க'ன்னு யாராச்சும் சொல்லட்டும்னு ஒங்க காலு காத்துக்கிட்டு கெடக்கு."

கஸ்தோனுக்கு வந்ததே கோபம்! "பட்டாளத்துல பாலைவனத்துல லாரி ஓட்டுனவன் நானு. எனக்குப் பொம்பள சொல்லணுமா?" என்று கத்திவிட்டு, அப்போதே சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

வரிச்சிக்குடி தாண்டவில்லை. முன்னால் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர். கஸ்தோன் காத்திருந்தார். கால் நகரவில்லை. அவள் சொன்னது காதில் குத்தவே, வீம்புக்கு வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். எதிரே பஸ்! ஆண்டவரே என்று திருப்பி ஒடித்ததில் பெஜோ ரோட்டைவிட்டு இறங்கி, அறுத்த வயலுக்குள் போய் அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. நல்லவேளை, ஆளுக்கும் வண்டிக்கும் அடியில்லை. வயலுக்குச் சொந்தக்காரர் பஞ்சநாதன் மாட்டைப் பூட்டி இழுத்துவிட்டார். இழுத்து முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் கேட்டார்:

"ஏங்க, இன்னிக்கி மதாம் வரலீங்களா?"

கஸ்தோன் சேற்றோடு வீட்டுக்கு வந்து, சேற்றோடு முற்றத்தில் உட்கார்ந்தார். ழானெத் ஒரு வார்த்தை கேட்காமல் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தத் தண்ணீரைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எண்பதாம் வருஷம் இருவரும் மறுபடி சோழவரம் போனார்கள். ஸ்டெப்னியைக் கழற்றினார், பின் சீட்டைக் கழற்றினார். பிளக்கைத் துடைத்து மாட்டினார். பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். வழக்கம்போல் சீட்டுக்காகக் காத்து நின்ற ழானெத் கேட்டாள்:

"என் சீட்ட கழட்டலீங்களா?"

"அது உள்ளயே இருக்கட்டும். நீ இன்னிக்கி நின்னுக்கிட்டே பாரு."

பக்கத்தில் பச்சை ஹெரால்டு கார்க்காரனின் ஆட்கள், ஒரே நிறச் சட்டை போட்ட நாலு பேர், இதைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஏன் சார், இவ்வளவு கனத்தை யாராவது சுமந்துக்கிட்டு ஓட்டுவாங்களா? ஆள் இல்லேன்னா சொல்லுங்க, நாங்க கழட்டித் தர்றோம்" என்றான் ஒருவன். உதவும் எண்ணத்தோடுதான் சொன்னான்.

"ஆள் இருக்குங்க," என்றார் கஸ்தோன்.

ழானெத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்து முடிந்து அவிழ்த்தாள்.

கொடி இறங்கியது. எல்லோரும் பறந்தார்கள். கஸ்தோன் வழக்கம்போல் கடைசியில் இருந்தார். அவருக்கு முன்னால் அந்தப் பச்சை ஹெரால்டு. முதல் சுற்று, அதன் முதுகு. அடுத்த சுற்றும் அதே முதுகு. ஓடுதளம் என்ன நம் ரோடா? பத்து மாட்டு வண்டி பக்கத்துப் பக்கத்தில் போகலாம், எதிரே ஒரு ஈ காக்கை வராது. இருந்தும் கால் பாதியிலேயே நின்றது. வைக்கோல் கட்டு அடுக்கிய திருப்பத்தில் ஹெரால்டு அகலமாகப் போய்த் தடுமாறியது. வெயிலில் சூடேறிய வண்டிக்குள் பெட்ரோல் நாற்றத்தையும் மீறிக்கொண்டு எலுமிச்சை வாசம் எழுந்தது. கஸ்தோன் வலப்பக்கம் திரும்பினார். காலி சீட்டுதான். காலி சீட்டைப் பார்த்து, "என்ன சொல்ற?" என்று கேட்டார்.

அவள் என்ன சொல்லுவாள் என்று அவருக்குத் தெரியாதா?

கால் தரையைத் தொடும்வரை மிதித்தார். பெஜோ கத்திக்கொண்டு பாய்ந்தது. பச்சை நிறம் பக்கவாட்டில் வந்தது, கதவுக்கு நேரே நின்றது, பிறகு பின்னால் போயிற்று. கண்ணாடியில் அது சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்து கஸ்தோன் தனியாக ஓவென்று கூச்சல் போட்டார். வேலி ஓரமாக ழானெத் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஐம்பது வயசுக்காரி ஓடுகிறாளே என்று சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டுமே. அன்றைக்குக் கஸ்தோன் கடைசிக்கு முந்தினவராக வந்தார். ஹெரால்டின் ஆட்கள் நாலு பேரும் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஊர் திரும்பினார்கள். சிதம்பரம் வரைக்கும் ழானெத் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். ஓகுஸ்தேனிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். சீர்காழி தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் லாரி. ரோட்டையே அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போயிற்று.

"என்ன, போலாமா?" என்றார் கஸ்தோன்.

திரும்பிப் பார்த்தார். ழானெத் கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எலுமிச்சம்பழம் மடியில் உருண்டு கிடந்தது. இந்த வண்டி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இதில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடி அம்மா, இத்தனை வருஷமும் குமட்டலோடு, தூக்கத்தோடு, என் உயிரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாயே, நான் ஒத்த ஆள் ஒத்த ஆள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே! கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கியரைக்கூடச் சத்தம் வராமல் மாற்றினார்.

பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனைப் போட்டு அலறவிட்டான். ஒரு லாரி கிளீனர் தலையை நீட்டி, "யோவ், போய்யா! காரா ஓட்ற, கட்டை வண்டியா?" என்று திட்டிவிட்டுப் போனான். எல்லாரும் முந்திக்கொண்டு போனார்கள். கஸ்தோன் ஒருவரையும் முந்தவில்லை. திருக்கடையூர் போயிற்று, தரங்கம்பாடி போயிற்று, பொறையாறும் போயிற்று. வைக்கோல் பறந்து பறந்து பானெட்டில் விழுந்துகொண்டே வந்தது.

ஊர் எல்லையில் நண்டலாற்றுப் பாலத்தில் வண்டி குலுங்கியதும் ழானெத் திடுக்கிட்டு எழுந்தாள்.

"ஐயையோ, தூங்கிட்டனா? எழுப்பக் கூடாதாங்க? எவ்வளவு நேரமா இவன் பின்னாடி வர்றீங்க?"

"இப்பத்தான்," என்றார் கஸ்தோன்.

பானெட் முழுக்கக் கிடந்த வைக்கோலை அவள் பார்த்தாள். அவர் முகத்தையும் ஒரு தரம் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ரோட்டைப் பார்த்தாள்.

"இருங்க… ஒரு சைக்கிள்காரன் வர்றான்… ம், போலாங்க."

கஸ்தோன் மிதித்தார்.