மாமாவுக்கு ஓசி டிக்கெட்

எங்கள் வீட்டில் மாமனாரிடம் எந்தப் பொருளின் விலையையும் சொல்லக்கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவர் அவருடைய மகன், அதாவது என் கணவர். ஈரோட்டிலிருந்து டப்ளினுக்கு வந்த முதல் வாரமே மாமா ஒரு கொத்து கறிவேப்பிலையின் விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டு, இனிமேல் ரசத்துக்குக் கறிவேப்பிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாமே கூப்பனில் வந்தது, ஆபீஸில் கொடுத்தது, ஒன்று வாங்கினால் ஒன்று இனாம். ஊரிலிருந்து பெற்றவர்களை வரவழைத்திருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பொய்களைத்தான் கேட்கலாம். இதை நாங்கள் யாரும் பொய் என்று நினைப்பதில்லை. பெரியவர்கள் நிம்மதியாக நாலு வாய் சாப்பிட வேண்டுமே.

என் மகள் சின்ன வயதிலிருந்து பாலே நடனம் கற்றுக்கொள்கிறாள். ஒவ்வொரு டிசம்பரிலும் அவளுடைய நடனப் பள்ளி விடுமுறைக் கால நிகழ்ச்சி ஒன்று நடத்தும். வகுப்புக்குக் கட்டணம், உடுப்புக்குக் கட்டணம், அது போதாதென்று நாம் பெற்ற பிள்ளை ஆடுவதைப் பார்க்க நாமே டிக்கெட் வாங்க வேண்டும். முதல் வருடம் ஒரு பள்ளிக்கூடத்து அரங்கில் நடந்தது. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். தெரிந்த குடும்பங்கள் எல்லாம் குழந்தை குட்டிகளோடு வந்தார்கள். இடைவேளையில் யாரோ சமோசா டப்பாவைத் திறந்து வரிசை முழுக்க அனுப்பினார்கள். மகள் மேடையில் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாமல் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

பிறகு பள்ளி பெரிய அரங்கத்துக்கு மாறியது. நிஜ வாத்தியக்காரர்கள் வந்தார்கள், மேடையில் பனி கொட்டியது. அதோடு இருக்கைக்கு இருக்கை ஒரு விலையும் வந்தது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பதுபோல, டிக்கெட்டுக்கு மேல் ஆன்லைன் கட்டணம், அதற்கு மேல் பார்க்கிங். எங்களோடு வந்த கூட்டம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. முதலில் நண்பர்கள் வருவது நின்றது. அடுத்து சித்தப்பா, அத்தை எல்லாம் வருவது நின்றது. பிறகு அப்பா அம்மா இருவரில் ஒருவர் மட்டும் உள்ளே போவது, மற்றவர் காரில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பது என்றானது. அதிலும் யார் உள்ளே போவது என்பதற்கு வீட்டில் ஒரு சின்னப் போராட்டம் நடக்கும். மிச்சமாவது என்னவோ ஒரு வார மளிகைக் காசு. ஆனால் வருடா வருடம் அந்த ஒரு வாரம் இரண்டு வாரமாகிக்கொண்டிருந்தது.

மாமா வந்திருந்த வருடம் என் கணவரின் வேலை ஆட்டம் கண்டிருந்தது. இருந்தும் அவர், "நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன். அப்பா இந்தத் தடவை பாத்தே ஆகணும். நீ கூட போ," என்றார். மகளின் நடனத்தில் பிள்ளைகள் கையில் விளக்குகளோடு பின்வாசலிலிருந்து, இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடைபாதை வழியாக மேடைக்குப் போவார்கள். மாமா கையை நீட்டினால் பேத்தியின் பாவாடையைத் தொடலாம் என்கிற மாதிரி நடைபாதை ஓரத்து இருக்கையாகப் பார்த்து எடுத்தோம். விலை மனதை உறுத்தியது. மாமாவிடம் மட்டும், "ஆடற பிள்ளைங்க வீட்டுக்கு ரெண்டு டிக்கெட் ஃப்ரீப்பா" என்று என் கணவர் வழக்கம்போல அளந்துவிட்டார். மாமாவுக்குக் காகிதத்தில் இருந்தால்தான் அது டிக்கெட். அதனால் அச்செடுத்து, விலை இருந்த அடிப்பகுதியைக் கத்தரித்துவிட்டு அவர் கையில் கொடுத்தேன்.

மனைவி போனபிறகு எதிலும் பெரிதாகப் பிடிப்பில்லாமல் இருந்த மனிதர் அவர். அந்த டிசம்பரில் மட்டும் வீட்டு ஹாலில் சோபாவைத் தள்ளி வைத்துவிட்டு பேத்தியின் ஒத்திகையைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். அவள் நுனிக்காலில் நிற்கும்போது இவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். "கால் நோவாதா அம்மிணி இவளுக்கு?" என்று என்னிடம் கேட்பார். நடைபாதையில் தன்னைத் தாண்டும்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பேத்தியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவள், "ஓகே தாத்தா, பட் டோன்ட் வேவ்" என்றாள். தாத்தா கையசைக்கக் கூடாதாம்.

அன்று மாலை என் கணவர் எங்களை இறக்கிவிட்டுக் காரோடு போய்விட்டார். மாமாவை முன்கூடத்தில் நிறுத்திவிட்டு, மகளை உள்ளே ஒப்படைத்து, கொண்டைக்கு ஊசிகள் குத்திவிட்டுத் திரும்பி வந்தேன். மாமா வெறும் கையோடு, நல்ல காரியம் செய்த முகத்தோடு நின்றிருந்தார்.

"நம்ம பார்க்குல நடக்க வருமே, மதுரைக்கார அம்மா, அதும் வந்துருக்குது. அது பேத்தியும் ஆடுதாமா. மகனும் மருமகளும் டிக்கெட்டு ரெண்டுதான்னு உள்ள போயிட்டாங்க. அந்தம்மா கால் வலின்னு சொல்லிட்டு இங்கயே உக்காந்துட்டு இருந்துச்சு. பாக்கவே மனசு கேக்கல. என்ற டிக்கெட்ட குடுத்து உள்ள அனுப்பிட்டேன்."

"மாமா, உங்களுக்கு?"

"ஓசி டிக்கெட்டுதானே அம்மிணி. நாம கேட்டா இன்னொண்ணு குடுக்க மாட்டாங்களா? இல்லாட்டி நாளைக்கும் ஆட்டம் இருக்குதுல்ல, நாளைக்கு வந்துக்கறேன்."

டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு ஓடினேன். ஓர் இருக்கையும் இல்லை என்றார்கள். திரும்பி வந்து என் காகிதத்தை அவர் கையில் திணித்தேன். "நீங்க போங்க மாமா. நான் எத்தனையோ தடவை பாத்துட்டேன்." அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெற்றவள் வெளியே நிற்க, தான் உள்ளே போய் உட்காருவதா என்றார். கதவருகே நின்ற பெண், இன்னும் இரண்டு நிமிடத்தில் மூடிவிடுவோம் என்றாள். நாளைக்கு வேறு பிள்ளைகள் ஆடுகிறார்கள், நம் பாப்பா இல்லை என்று சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. அடுத்த கணமே சரிசெய்துகொண்டார்.

"அட, போச்சாது உடு. அடுத்த வருசம் வராமயா போயிருவேன்? வருசா வருசம் ஓசிதானே குடுப்பாங்க?"

விலை என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் ஒருவேளை காசு வீணாகக்கூடாதே என்றாவது அவர் என் டிக்கெட்டில் போயிருப்பார். இல்லை, தான் தானம் செய்தது எவ்வளவு என்று தெரிந்து அங்கேயே உட்கார்ந்துபோயிருப்பார். எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது; அம்மாவை வெளியே உட்காரவைத்த அந்த மகன்மேல், நடனப் பள்ளியின்மேல், இவருடைய நல்ல மனசின்மேல்கூட. "குடுப்பாங்க மாமா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

என் பக்கத்து இருக்கையில் மதுரை அம்மாள், குளிருக்குச் சேலைமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்க மாமனார் மகராசனா இருக்கணும்மா. ரெண்டு வருஷமா நான் வெளியவேதான் உக்காந்துட்டுப் போறேன்," என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. விளக்குகளோடு பிள்ளைகள் நடைபாதையில் வந்தார்கள். மகள் எங்கள் வரிசையைத் தாண்டும்போது சொன்னபடி தலையைத் திருப்பினாள். மதுரை அம்மாள் கண்ணீரோடு இரண்டு கைகளையும் அசைத்தார். மகள் மேடைக்குப் போய்விட்டாள்.

முடிந்ததும் முன்கூடத்தில் மகள் தாத்தாவிடம் ஓடினாள். "தாத்தா, டிட் யூ சீ மீ?"

"பாத்தேன் கண்ணு, பாக்காம? இருக்கற புள்ளைங்கள்ல நீதான் ராசாத்தியாட்ட இருந்த." அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவரைக் கட்டிக்கொண்டாள்.

ஜனவரியில் மாமா ஊருக்குத் திரும்பினார். ஐப்பசி மழையில் ஒரு காலை, காபி ஆறிக்கொண்டிருக்க, நாற்காலியிலேயே போய்விட்டார். என் கணவர் உடனே கிளம்பினார். நானும் மகளும் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. ஈரோட்டு வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே, அவரோடு மின்வாரியத்தில் வேலை பார்த்த நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உன்ற தாத்தன் இந்த ஒரு வருசமா இதே பேச்சுதான் கண்ணு. என்ற பேத்தி கையில வெளக்கோட அப்படியே பக்கத்துல நடந்து போனா, மேல பனி கொட்டுச்சு, அத்தனையும் ஓசில பாத்தேன்னு டீக்கடையில ஒருத்தர் விடாம சொல்லுவான். அந்த ஊர்ல அதுக்கெல்லாம் காசே வாங்க மாட்டாங்களாமா?"

இது என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி. தமிழில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற என் மகள் அன்று தமிழில் சொன்னாள்.

"தாத்தா பாக்கல. அவர் சீட்ல வேற பாட்டி இருந்தாங்க. நான் பாத்தேன்."

அவள் ஒரு வருடம் இதை மனதில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் தாத்தா பார்த்தார் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குள் போய், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.