கல் வைக்க ஓர் இடம்

தொண்ணூறுகளில் மலையாளத் தலைநகரின் சாலைக் கடைத்தெருவில் எனக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. கேட்க ஆளில்லாமல் பிணவறையில் கிடக்கும் உடல்களைப் போலீஸ் அனுமதியோடு வாங்கி வழியனுப்பும் வேலையைத் தமிழ்க் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து செய்துவந்தோம். நடைபாதையில் செத்தவருக்கும் ஒரு கோடித்துணி, நான்கு தோள், வாய்க்கரிசி வேண்டும் என்று கூட்டங்களில் நான்தான் அதிகம் பேசுவேன். பேசியது பொய்யில்லை.

என் கடை வாசலில் ஒரு முதியவர் படுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைப் பூசை முடிந்ததும் சூடத்தட்டு எல்லோரிடமும் போகும், பிறகு சுண்டல். அவரும் வந்து நெற்றியை நீட்டுவார். நானே திருநீறு பூசிவிடுவேன்.

“பிள்ளையாரு வராட்டாலும் பெரியவரு வந்திருவாரு,” என்பார் எடை போடுகிறவர்.

“சுண்டல் வெந்தாத்தாண்டே பக்தியும் வேவும்,” என்பார் முதியவர்.

ஆனால் சுண்டலை வாயில் போடுமுன் அவர் ஓரமாகத் திரும்பி, கண்ணை மூடி, உதடு அசையச் சற்று நிற்பார். ஒருமுறை அருகில் இருந்தபோது கடைசிச் சொல் என் காதில் விழுந்தது. ஆமென். நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவர் இறந்தார். உடலை வாங்கிய அன்று, புதைப்பதா எரிப்பதா என்று பேச்சு வந்தது. “வெள்ளிதோறும் திருநீறு பூசுன ஆளு. பின்னே என்ன சம்சயம்?” என்றார் பாத்திரக் கடைக்காரர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். புதைப்பதென்றால் மயானத்தில் இடம் கேட்டு இன்னொரு நாள் அலைய வேண்டும். கடை திறக்கும் நினைப்பில் இருந்தேன். பசிக்காக நீட்டிய நெற்றியை மதத்துக்குச் சாட்சியாக்கி அவரை எரித்தோம். சாம்பலைச் சங்குமுகம் கடலில் கரைத்தோம்.

சில மாதம் கழித்து மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். முதியவரின் தங்கை. ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்திருக்கிறது.

“சாரே, எனக்க அண்ணன எங்க அடக்கியிருக்கு? ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறேன்.”

உண்மை சொல்ல வாய் வரவில்லை. அவரை அழைத்துப் போய், நாங்கள் முன்பு புதைத்திருந்த பெயர் தெரியாத ஒருவரின் மண்மேட்டைக் காட்டினேன். அவர் முழங்காலிட்டு அழுதார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெத்த மவன் செய்யாதத செஞ்சிய,” என்றார்.

அடுத்த ஈஸ்டருக்கு முன் மறுபடியும் வந்தார். ஆட்டோவில், சாக்கு சுற்றிய ஒரு கல். சாக்கை விலக்கிக் காட்டினார். அதில் சிலுவையும் அண்ணன் பெயரும் கொத்தியிருந்தன. அது வேறொருவரின் தலைமாட்டில் நிற்கப்போகிறது. அந்த மனிதரைத் தேடியும் நாளை யாராவது வரலாம். மயான வாசலில் கல்லை இறக்கி வைத்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் சாக்கை இழுத்துக் கல்லை மூடினார். பிறகு, “ஆமென்னு சொன்னதக் கேட்டியளா?” என்றார்.

“கேட்டேன்.”

“கேட்டுட்டுமா?”

அவர் கல்லின் மேல் கை வைத்தார்.

“அப்போ இந்தக் கல்ல எங்க வைக்க, சாரே? கடலுலயா?”

கல்லை ஆட்டோவில் ஏற்றக் குனிந்தேன். “தொடாண்டாம்,” என்றார். அவரும் ஆட்டோக்காரரும் தூக்கி வைத்தார்கள்.

அதன்பின் எங்கள் கூட்டத்தில் நான் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். யாரென்று தெரியாதவரை எரிக்கக் கூடாது. புதைத்து, தெருவில் அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரையாவது எழுதி வைக்க வேண்டும். பாத்திரக் கடைக்காரர் சலித்துக்கொண்டார். ஆனால் அப்படியே செய்தோம். இரண்டொருவரைத் தேடி ஆள் வந்தபோது உண்மையான இடத்தைக் காட்டவும் முடிந்தது.

அந்தக் கல்லை அந்த அம்மாள் எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. மார்த்தாண்டத்துக்குப் பஸ்ஸில் அதிக தூரமில்லை. நான் போகவில்லை.