காற்றில் மிதந்த பெயர்கள்

ஏணி சறுக்கி இடுப்பில் அடிபட்ட நாளிலிருந்து பிளம்பர் பின்னறைக் கட்டிலே கதியென்று கிடந்தார். ஓரிடத்தில் கால் தரிக்காத மனுஷர். சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுக் குழாய்கள் அவர் கைபட்டவை. சும்மா படுத்திருப்பது அடியைவிட அதிகமாக வலித்தது.

அதைப் பார்த்துத்தான் மச்சினன் தன் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, கட்டிலருகே மேஜையில் வைத்துவிட்டுப் போனான். இணைய இணைப்போ முன்னறையில் இருந்தது. கட்டைவிரல் நகமளவு வைஃபை அடாப்டர் ஒன்றையும் கொடுத்து, "செருகினா போதும் மாமா" என்றிருந்தான்.

செருகினார். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை.

"அதுக்கு டிரைவர்னு ஒரு புரோகிராம் வேணும் மாமா. நெட்லேருந்து இறக்கணும்," என்றான் மச்சினன் போனில்.

"நெட் வரணும்னுதானே மாப்ள இதையே செருகினேன்?"

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். "பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கிற கதையால்ல இருக்கு."

போனையே வயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் போனின் இணையம் அதற்குள் வரும் என்று மச்சினன் வழி சொன்னான். வந்தது. டிரைவர் இருந்த பக்கத்தைத் திறந்து, அவன் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டினார். ஓரிடத்தில் இடைவெளி விட மறந்ததற்குக் கம்ப்யூட்டர் முறைத்துக்கொண்டது. திருத்தித் தட்டியதும் கறுப்புத் திரையில் வரிகள் மழைபோல இறங்கின.

வரிகள் ஓடி முடியும்வரை அந்தப் பக்கத்தை வாசித்தார். அந்த டிரைவரை எழுதியவர் அடியில் ஒரு குறிப்பு வைத்திருந்தார். 'என் அம்மா வீட்டு அடாப்டர் வேலை செய்யாததால் எழுதினேன். உங்களுக்கும் உதவினால் சந்தோஷம்.' பிளம்பர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டதும் அடாப்டரில் நீல விளக்கு துடித்தது. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள் முளைத்தன. 'மாடிவீடு', 'சத்தம் போடாதே', 'கேட்டால் தரமாட்டேன்'. நடுவில் அவர்கள் வீட்டு இணைப்பும் இருந்தது.

"இவங்கல்லாம் யாருங்க?" என்றாள் மனைவி.

"அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம். சுவரைத் தாண்டி இங்க வருது."

"இந்த ரூமுக்குள்ளயா?"

"நான் படுத்துக் கெடந்த இத்தனை நாளும் என் தலைக்கு மேலதான் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல."

குழாய் போடாமல் எதுவும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகாது என்று ஆயுள் முழுக்க நம்பியவர் அவர். வெறும் காற்றில் கையை நீட்டி விரல்களை விரித்துப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. உடம்பு சிலிர்த்தது.

அவள் தன் கையையும் மெல்ல நீட்டினாள்.

பிறகு அவர் விசைப்பலகையை மடிமேல் இழுத்துக்கொண்டார்.

"யாருக்கு எழுதுறீங்க?"

"யாரு பெத்த புள்ளையோ, முகம்கூடத் தெரியாது. அவங்க அம்மாவுக்குப் பண்ணினது நம்ம வீட்டுலயும் வேலை செய்யுதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டத் தொடங்கினார்.