புறுபுறுப்புக் கொப்பி

உடுப்பிட்டியில் ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று எங்கள் கம்பனிப் பெட்டியொன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மோட்டரைத் தானே நிறுத்தி, தோட்டக்காரரின் கைபேசிக்கு அழைப்பும் எடுக்கிற சிறிய பெட்டி அது. அப்போதுதான் றெஜினாவின் அண்ணை குருநகரிலிருந்து அழைத்தார். “தங்கச்சி எங்களை விட்டுப் போட்டாள், தம்பி” என்றார். தோட்டக்கார ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டரை நிறுத்தினார்.

“ஆர் தம்பி?”

“இந்தப் பெட்டியை யோசிச்ச ஆள், ஐயா.”

அவர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

றெஜினாவின் நினைவுமலரை வாசிக்கிற உங்களுக்கு அவருடைய சிரிப்புத் தெரியும், தேவாலயத்தில் பாடுகிற குரல் தெரியும். அவர் வேலை செய்கிற விதம் எத்தனை பேருக்குத் தெரியுமோ எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சுன்னாகத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் றெஜினாவும் நானும் இன்னொரு நண்பருமாக மூன்று பேர் கம்பனி தொடங்கியபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. வெங்காய விலையைச் சொல்லும் செயலி ஒன்றைச் செய்தே தீருவேன் என்று நின்றேன். தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் தேத்தண்ணி தந்து, “நல்ல விசயம் தம்பி, செய்யுங்கோ” என்றார்கள். செய்தோம். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கம்பனியை மூடுகிற நிலைக்கு வந்துவிட்டோம். நான் விவசாயிகளைத் திட்டித் தீர்த்தேன். றெஜினா சிரித்தார்.

“எங்கடை சனம் வீடு தேடி வந்த ஆளின்ரை முகத்துக்கு நேரை கூடாதெண்டு சொல்லுமோ, குமரன்? கேட்டா நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லும். ஆக்கள் தங்களுக்குள்ளை புறுபுறுக்கிற இடத்துக்குப் போம்.”

அவர் போன இடம் முகநூலில் விவசாயிகள் நடத்திய ஒரு குழு. அங்கே ஒரு சொல்லும் எழுதாமல், பழைய பதிவுகளை நாட்கணக்காக வாசித்தார். வாசித்ததை ஒரு கொப்பியில் எழுதினார். இடப்பக்கம் புறுபுறுப்பு: குறையும் முணுமுணுப்பும், சொன்னவரின் வாயில் வந்தபடியே. தேவாலயத்தில் பாடுகிற அந்தப் பெண் தூஷணத்தைக்கூட ஓர் எழுத்து விடாமல் எழுதியிருந்தார்! வலப்பக்கம் ‘சமாளிப்பு’, அதாவது அந்தத் தொல்லையை அவர்கள் இப்போதைக்கு எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது. ஆட்களின் பெயரை எழுதமாட்டார். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் அந்த வரியில் மினக்கெடவும் மாட்டார்.

“சும்மா கத்துற ஆள் கத்திப்போட்டுப் படுத்திடுவார். கயிறு கட்டியெண்டாலும் சமாளிக்கிறவருக்குத்தான் உண்மையா நோகுது” என்பார்.

வெங்காய விலையைப் பற்றிய புலம்பல் பக்கம் பக்கமாக இருந்தது. வலப்பக்கம் வெறுமை. ஆனால், தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓடி எரிந்துபோன மோட்டர்களைப் பற்றிய வரிகளில் வலப்பக்கம் நிறைந்து வழிந்தது. ஒருவர் கிணற்றுக்குள் சிவப்புப் போத்தலை மிதக்கவிட்டு, அது இறங்குவதைப் பார்க்க மனைவியைக் காவல் வைக்கிறார். பலர் கிணற்றடியிலேயே கதிரை போட்டுக் குந்தியிருக்கிறார்கள். அந்தக் கதிரைகளில் இருந்துதான் நான் தேத்தண்ணி குடித்தேன். அவை ஏன் அங்கே கிடக்கின்றன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. றெஜினா சுன்னாகத்து மாடியில் இருந்துகொண்டே அதைக் கண்டுபிடித்தார். செயலியை விட்டுவிட்டு இந்தப் பெட்டியைச் செய்தோம். கம்பனியும் பிழைத்தது.

போன வருடம் அவருக்குப் புற்றுநோய் என்றார்கள். கிழமைக்கொரு தடவை தோடம்பழத்தோடு போவேன்.

“எப்பிடி இருக்கு?”

“நல்லாயிருக்கு, குமரன்.”

“ஒண்டுக்கும் யோசிக்காதையும், சுகம் வந்திடும்” என்று சொல்லி, கம்பனிப் புதினம் இரண்டைக் கதைத்துவிட்டு எழும்பிவிடுவேன்.

அடக்கம் முடிந்த பிறகு அண்ணை ஒரு கொப்பியைத் தந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, நோயாளிகளின் குழு ஒன்றை வாசித்து எழுதியது. வாய்ப்புண், வாந்தி, பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காத கவலை, அதற்கெல்லாம் அவரவர் சமாளிப்பு. ஊசி ஏறிய கையால் இவ்வளவா என்று பிரமித்துப் புரட்டிக்கொண்டே போனேன். கடைசி வரியின் இடப்பக்கத்தில், வழக்கம்போலப் பெயரில்லாமல், இப்படி இருந்தது:

“பயமாயிருக்கெண்டு சொல்ல ஓராள் கிடைக்கேல்லை. தோடம்பழம்தான் கிடைக்குது.”

வலப்பக்கத்தில்: “நல்லாயிருக்கு எண்டு சொல்லுறது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. விவசாயிகளிடம் விட்ட அதே பிழையை அவரிடமும் விட்டிருக்கிறேன். அவர் அதையும் கோபமில்லாமல், ஒரு வரியாக எழுதிவைத்திருக்கிறார்.

கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறொன்று. நேற்று குருநகருக்கு வெறுங்கையோடு போனேன். “எப்பிடி அண்ணை இருக்கிறியள்?” என்று கேட்டேன். “பரவாயில்லை, தம்பி” என்றார்.

நான் எழும்பவில்லை. கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.