ஊர்க்கவுண்டருக்கு ஒரு 'கண்ணு'

"அன்னா, அந்தச் சொல்லைப் பெரியவர்களிடம் சொல்லக் கூடாது."

அன்று தலைச்சோலையில் நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. படிப்பை முடித்துவிட்டு ஏற்காட்டில் வீட்டோடு இருந்தேன். அப்பா நடத்திய சிறிய லாட்ஜில் டென்மார்க்கிலிருந்து அன்னா என்ற பெண் வந்து தங்கினாள்.

(எதிர்க்கடைக்காரர் முதல் நாளே என்னிடம் கேட்டார்: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க அண்ணான்னு பேரு?")

சேர்வராயன் மலைக்காரர்களின் பேச்சை ஆராய வந்தவள். லாட்ஜில் இருந்துகொண்டு எங்கள் சேலத்துச் சமையல்காரரின் பேச்சைத்தான் ஆராய முடிந்தது.

மழை பிடிப்பதற்குள் மலைக்கிராமத்தில் தங்க இடம் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியைக் கைவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அவளுடைய பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தலைச்சோலையின் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் ஓர் ஓட்டு வீடு சும்மா கிடந்தது. வெளியாளுக்குத் தருவதில்லை என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பிவிட்டார். ஆனாலும் நேரில் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. மொழிபெயர்க்க நான்.

பஸ்ஸில் அவளுக்கு வகுப்பெடுத்தேன். செருப்பை வெளியே விடு. காப்பி கொடுத்தால் மறுக்காதே. இடது கையை நீட்டாதே.

(நம் பண்பாட்டைப் பற்றி நான் படித்திருந்த புத்தகங்கள் எல்லாம் அந்த மலைவளைவுகளில் ஒவ்வொன்றாக இறங்கின. அவள் பாவம், வாந்தியை அடக்கிக்கொண்டு கேட்டாள்.)

பேச்சைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. பேசப்போவது நான்தானே.

கவுண்டர் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் வயது. மீசையைப் பார்த்தாலே குரலைத் தாழ்த்தத் தோன்றும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அன்னா கைகூப்பினாள்.

"வணக்கம் கண்ணு. சாப்புட்டயா சாமி?"

கயிறு நின்றது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டீக்கடை அம்மா அவளைப் பார்த்தால் "காப்பி குடி கண்ணு" என்பார். கீரைக்காரம்மா "பாத்துப் போ சாமி" என்பார். சின்னப் பிள்ளையிடம் காட்டும் பிரியம் அது. அவளோ, இவை இந்த ஊரின் உயர்ந்த மரியாதைச் சொற்கள் என்று தானே ஆராய்ந்து முடிவு செய்திருக்கிறாள்.

(கோயிலில் இருப்பவரும் சாமிதானே. தர்க்கத்தில் குறையில்லை.)

கவுண்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, இந்தப் புள்ள என்னையத்தான் சொல்லுதுங்களா?"

"ஆமாங்க."

வேறு என்ன சொல்வது?

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் மனைவி வெளியே வந்தார்.

"எங்க மாமியா போனதுக்கப்பறம் இவங்கள ஆருமே கண்ணுன்னு கூப்புட்டதில்லீங்க. நான் கூப்புட முடியுங்களா?"

"நீ உள்ள போ," என்றார் கவுண்டர். அதட்டத்தான் பார்த்தார். அதட்டல் வரவில்லை.

"சரியாகச் சொன்னேனா?" என்று அன்னா என் காதருகில் ஆங்கிலத்தில் கேட்டாள். தலையாட்டிவைத்தேன். அந்த நேரத்தில் திருத்தினால் வெட்கத்தில் வாயையே மூடிக்கொள்வாள். வீடும் போய்விடும்.

கவுண்டர் கயிற்றைக் கீழே வைத்தார். என்னை விட்டுவிட்டு அவளிடமே பதில் சொன்னார்.

"இன்னும் சாப்புடலீங்க."

பிறகு என்னிடம், "ஊடு நல்ல மழைக்கு ஒழுகுமுங்க. பரவால்லியான்னு கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கே புரிந்துவிட்டது.

"நொம்ப நல்லது கண்ணு."

(வாக்கியம் வாக்கியமாக நான் தயாரித்துக்கொண்டு போன சிபாரிசு உரை இன்றுவரை யாருக்கும் பயன்படவில்லை. வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.)

அன்று எங்கள் எல்லோருக்கும் அங்கேயே கேழ்வரகுக் களியும் கீரையும்.

மழைக்காலம் முழுவதும் அன்னா அந்த வீட்டில்தான் இருந்தாள். குடிபோன கொஞ்ச நாளிலேயே, அந்தச் சொல்லின் பொருளைக் கவுண்டரின் மனைவி அவளுக்குச் சொல்லிவிட்டார். அன்னா பதறிப்போய், "அய்யா, வணக்கமுங்க, சாப்பிட்டீங்களா?" என்று மாறிவிட்டாள்.

கவுண்டர் பொறுத்துப் பார்த்தார். அந்த வாரச் சந்தையன்று நேராக எங்கள் லாட்ஜுக்கு வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, அந்தப் புள்ளைக்கு எம்மேல என்னுங்க கோவம்?"