மூணாவது தரம் கூப்பிட்டால்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். அப்படிப்பட்டவனைப் போய்ப் பையன்களுக்குத் தலைவனா போட்டாங்க எங்க சபைக்காரங்க. சாரணர்னு இப்ப சொல்றாங்களே, அந்தப் பேரெல்லாம் அப்ப கிடையாது. தங்க வயல்ல கரண்ட் விளக்கு வந்த புதுசு. மே மாசத்துல சுரங்கத்துக்காரங்க பிள்ளைங்களை எங்க கோரமண்டல் பேட்டைக்கு வெளியே ஒரு மாந்தோப்புல டேரா போட்டுத் தங்க வைக்கணும்னு பாதிரியாருக்கு ஆசை. அந்தப் பிள்ளைங்களை மேய்க்கறதுக்கு மீசை அரும்பின எங்க நாலு பேரைத் தயார் பண்ண, பட்டாளத்துல பென்ஷன் வாங்கின ஹவில்தார் ஒருத்தரைப் பெங்களூர்ல இருந்து வரவழைச்சாங்க.

மனுஷர் கெட்டிக்காரர். கயிறு முடியறது, டேரா அடிக்கிறது, சண்டை போடற பயல்களைப் பிரிக்கிறது, எல்லாம் கோயில் முற்றத்துலயே பழக்கினார். ஒண்ணே ஒண்ணுதான் தகராறு. அவர் பேர் சொல்லி ஆஜர் கூப்பிட்டா ஒரு பையனும் வாய் திறக்க மாட்டான். திரும்பக் கூப்பிடுவார், அப்பவும் கம்முனு நிப்பான். மூணாவது தரம்தான் "இருக்கேன்" வரும். திமிர்னு நினைச்சு, வெயில்ல ஓட விட்டார்.

திமிரும் இல்ல ஒண்ணும் இல்ல. சுரங்கத்துக்காரங்களுக்குக் கட்டின எங்க லைன் வீடுங்கள்ல அப்படித்தான். மனுஷன் மூணு தரம் கூப்பிடுவான், அது ஒரு தரம்தான் கூப்பிடும். அதுன்னா இன்னான்னு யாரும் பேர் சொன்னதில்ல. ஷாப்டுன்னு சொல்ற சுரங்கக் குழிக்குள்ள, இருட்டுல வேலை செய்யற எங்கப்பா மாதிரி ஆளுங்க, மேஸ்திரியே கூப்பிட்டாலும் மூணு தரம் கேட்டுட்டுத்தான் திரும்புவாங்க. இதை நான் ஹவில்தார்கிட்ட சொன்னேன். சிரிச்சார். ஜெபம் பண்றவனுக்கு இன்னா பயம்னு பாதிரியாரும் கேட்டார். ஒரே கூப்பாடு, ஒரே பதில்னு பழக்கச் சொன்னாங்க, நாங்களும் பழக்கினோம். கிளம்பற வாரத்துக்குள்ள பையனுங்க வறுத்த சோளம் மாதிரி பட்டுபட்டுனு பதில் சொன்னாங்க. பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாத்தான் இருந்தது.

புறப்படற அன்னைக்கு ஒரு அம்மா வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. தங்கக் கல்லு அரைக்கிற மில்லுல கல்லு பொறுக்கறவங்க. அவங்க வீட்டுக்காரர் முந்தின வருஷம் கீழ வேலைக்குப் போனவர், பாறை இறங்கி அங்கேயே நின்னுட்டார். உடம்பைக்கூட மேல கொண்டுவர முடியல. இருக்கிறது ஒரே பையன், அவன் என் குழுவுல. போன மாதிரியே திரும்பி வரணும் தம்பி, வேற ஒண்ணும் கேக்கலன்னாங்க. நான் பாத்துக்கறேன் அக்கான்னு ரொம்ப லேசா சொல்லிட்டேன்.

தோப்புக்குப் பின்னாடி முள்ளுக்காடு. அதுக்குள்ள பழங்காலத்துக் குழிங்க. யார் தோண்டினதுன்னும் தெரியாது, எம்மாம் ஆழம்னும் தெரியாது. சுண்ணாம்பு அடிச்ச கல்லை வரிசையா வெச்சு, இதைத் தாண்டினா தோலை உரிச்சுடுவேன்னு சொல்லியிருந்தேன்.

ராத்திரி பயம் எதுவும் இல்ல. உச்சி வெயில்தான் எனக்குப் புடிக்கல. அந்த நேரத்துக்குப் பூமிக்கு அடியில வேட்டு வைப்பாங்க. காதுக்கு முன்னாடி உள்ளங்காலுக்குத் தெரியும். காக்கா கத்தறது நின்னுடும். ஒரு இலைகூட ஆடாது. வெள்ளை டேராங்க, ஆளுங்க இப்பத்தான் எழுந்து போன வீடு மாதிரி நிக்கும்.

அப்படி ஒரு மத்தியானம், கஞ்சி குடிச்சப்புறம் ஆஜர் எடுத்தப்ப அந்தப் பையன் இல்ல. ஹவில்தார் ஒரு தரம் கூப்பிட்டார். பதில் இல்ல. கல் வரிசைகிட்ட களாக்காய் சிந்திக் கிடந்தது. நாங்க ஆளுக்கு ஒரு பக்கமா முள்ளுக்குள்ள போனோம். பழக்கம் பாருங்க, ஒவ்வொருத்தனும் ஒரு தரம் கூப்பிட்டுக் காது குடுத்துட்டு, அடுத்த இடத்துக்கு நகர்ந்தோம். எங்க குரல் மட்டும் சுத்திச் சுத்தி வந்தது.

ஒரு குழிப்பக்கம் வந்தா மண்ணு புதுசா சரிஞ்சிருந்தது. விளிம்பு சரியும்னு தள்ளி நின்னே நானும் ஒரு தரம் கூப்பிட்டேன். ஒண்ணும் இல்ல. திரும்பி நடந்தவன், நாலடி போனதும் நின்னேன். அட மடையா, அவன் லைன் வீட்டுப் பிள்ளையாச்சேன்னு என்னையே திட்டிக்கிட்டுத் திரும்ப ஓடினேன். அவன் பேரைச் சொல்லி முதல்ல இருந்து கூப்பிட்டேன். ஒண்ணு. ரெண்டு. மூணு.

"இருக்கேண்ணே" அப்படின்னு என் காலுக்குக் கீழ இருந்து வந்தது.

ஆள் உயரத்துக்குக் கீழ ஒரு திட்டுல குந்தியிருந்தான். அதுக்குக் கீழ வெறும் இருட்டு. டேராக் கயிறை இறக்கி, நாங்க நாலு பேரும் ஹவில்தாரும் சேர்ந்து இழுத்தோம். மேல வந்ததும் என் கோபம் பீறிட்டுது. முதல் தரம் கூப்பிட்டப்பவே வாயில இன்னா கொழுக்கட்டையான்னு கத்தினேன்.

"எப்படிண்ணே பேசறது?" அப்படின்னான். "உங்களுக்கு முன்னாடி கீழ இருந்து கூப்பிட்டாங்க. எங்கப்பா குரல். இறங்கலாம்னு ஒரு காலைக்கூட வெச்சுட்டேன். ஆனா ஒரு தரம்தான் கூப்பிட்டாங்க."

அன்னைக்குச் சாயந்திரம் ஆஜர் எடுத்தப்ப, யாரும் சொல்லாமலே ஹவில்தார் ஒவ்வொரு பேரையும் மூணு மூணு தரம் கூப்பிட்டார். பாதிரியாரும் பக்கத்துலதான் நின்னார்.

முகாம் முடிஞ்சு பையனை அவங்க அம்மாகிட்ட விட்டேன். எதையும் சொல்லக் கூடாதுன்னுதான் போனேன். அந்த வாயாடி வாசல்லயே நின்னு எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டான். என்னை வைவாங்கன்னு தலை குனிஞ்சு நின்னேன். அவங்க முகத்துல ஆச்சரியமே இல்ல. மகன் தலையைத் தடவி உள்ளே போகச் சொல்லிட்டு, என் பக்கம் திரும்பினாங்க.

"எனக்கும் கேக்குது தம்பி, வேலைக்குக் கிளம்பறப்பல்லாம். ஒரு தரத்துக்கு மேல கூப்பிட மாட்டேங்கறார். மூணு தரம் கூப்பிட்டா நான் போயிடுவேன்னு அவருக்குத் தெரியும்."