படகு ஜி.பி.எஸ்ஸை பைக்கில் கட்டினேன்

நான் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவன். பழவேற்காட்டில் நண்பன் கல்யாணம். மழையில் நனைந்தாலும் கெடாதே என்று படகின் ஜி.பி.எஸ். கருவியைப் பைக் ஹேண்டில்பாரில் வலைக் கயிற்றால் கட்டிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினேன். முன்பு கடல்வழியாகப் போனபோது பதிந்த பழவேற்காட்டின் இடப்புள்ளி அதில் இருந்தது.

எண்ணூர் தாண்டியதும் சாலை இடப்பக்கம் வளைந்தது. கருவியின் அம்புக்குறி நேராக உப்பங்கழியைக் காட்டியது.

"ரோடு அப்பால போவுது மாமு" என்றான் பின்னால் இருந்த மச்சான் சேகர்.

"மெஷின் இப்டி காட்டுதுடா" என்று அம்பு பக்கமே திருப்பினேன். அந்தக் கருவிக்குத் திசைதான் தெரியும், சாலை தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை. காய்ந்த தரை போலிருந்த இடத்தில் முன்சக்கரம் சேற்றுக்குள் இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி ஆழத் தண்ணீர்!

கழியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து கயிறு கட்டி இழுத்தார்கள். ஓர் அக்கா கேட்டார்: "இன்னாண்ணே, பைக்க படகுன்னு நென்ச்சிக்கினியா?"

இப்போது சாலை வரைபடம் பார்த்து, திருப்பத்துக்குத் திருப்பம் கருவியில் புள்ளி போட்ட பிறகே பைக்கை எடுக்கிறேன். பழவேற்காட்டுக்கு மட்டும் பதினேழு புள்ளிகள். அந்தச் சேற்றையும் சேகர் ஒரு புள்ளியாகப் பதிந்து வைத்திருக்கிறான். அதற்கு அவன் வைத்திருப்பது என் பெயர்.